அக்காவின் பெயரில் அனுப்பிய எமுலேட்டர்

செவ்வாய்

மாலையிலிருந்து மழை. இன்டர்நெட் லைன் மெதுவாக. அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் எழுதுகிறேன்.

அக்காவுக்கு டெங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வார்டில். வேலையில் சேர்ந்து தகுதிகாண் காலம்கூட முடியவில்லை, லீவு கேட்டால் வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வீட்டிலிருந்து செய்யும் வேலைதானே, ஆபீஸுக்குச் சொல்லவே இல்லை. இன்று என் காதில் ஆபீஸ் பாஸ்வேர்டைச் சொன்னாள்.

"ரெண்டு நாளு சமாளி டீ. சாயங்காலம் டெஸ்ட் ஓடுச்சான்னு மட்டும் பாரு. வேற எதையும் தொடாத."

"யாராச்சும் கேட்டா?"

"என்னை மாதிரியே டைப் பண்ணு லா."

எனக்குப் புரிந்தவரை: கணினிக்குள் ஒரு போலிக் கைபேசி. அதை ஓட்டும் புரோகிராம்தான் எமுலேட்டர். அதையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், கன்டெய்னர் இமேஜ் என்பாள் அக்கா. தினமும் பெட்டி தானே திறந்து கம்பெனி ஆப்பைச் சோதிக்கும்.

நாளை: கெமிஸ்ட்ரி ரிப்போர்ட். அக்காவின் பாத்திக் சட்டை துவைக்க. ஐந்து மணிக்கு டெஸ்ட்.

புதன்

வெயில். ரிப்போர்ட் எழுதவில்லை.

பள்ளி விட்டு வந்தால் அக்காவின் லேப்டாப்பில் மெசேஜ். அக்காவின் மேலதிகாரி அஸ்மான். எமுலேட்டரைப் புது வெர்ஷனுக்கு மாற்று, இன்றே. அக்காவுக்கு அழைத்தேன். அம்மா எடுத்தார்.

"காச்சல் கொதிக்குது. பேசற நெலமையில இல்ல. நீ சாப்டியா?"

நானே செய்தேன். அவள் செய்வதைப் பின்னால் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெர்ஷன் எண்ணை மாற்றினேன். டிஸ்க் நிறைந்துவிட்டது என்றது, பழைய பெட்டியை அழித்துவிட்டுப் புதியதைக் கட்டினேன். பழைய பெயரிலேயே ஆபீஸ் சர்வருக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த பழையதும் போயிற்று.

பெட்டிக்குள் இருந்த பழைய போலி போன் புது எமுலேட்டரோடு சேரவில்லை. லோகோவிலேயே நிற்கிறது. ஆபீஸில் எல்லாருடைய டெஸ்டும் சிவப்பு.

அஸ்மான்: என்ன ஆச்சு? நாளைக்குள் சரி செய்.

பதில் போட்டேன். "ஓகே டீச்சர்."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். வகுப்பில் தினமும் சேர்ந்து சொல்வது, விரல் தானாக அடித்துவிட்டது. அங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அழித்தேன். அதற்குள் படித்துவிட்டார்.

நாளைக் காலை வீடியோ கால். கேமரா போட வேண்டுமாம்.

மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன்.

வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

"லேப்டாப்பையே பாத்தா தலவலிக்காம என்ன பண்ணும்? அக்கா வந்து கொல்லப் போறா உன்ன," என்றார் அம்மா. செம்பனைக் காட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

உள்ளே இருந்த போனையும் புதிதாக்கினேன். டவுன்லோட் பாதியில் நின்றது. மறுபடி. கடைசியில் போன் திறந்தது. எல்லாம் பச்சை. அழுதேன். அப்போது கால் வந்தது.

இரட்டைப் பின்னலோடு நான். நீ யார் என்று அஸ்மான் ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். முதலில் அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். நல்லவர். அதனால் இன்னும் பயம்.

பிறகு: பாஸ்வேர்டை அவளே கொடுத்தாளா? கொடுத்திருந்தால் அவளுக்கு உடனே வேலை போகும், அது விதி. யோசித்துச் சொல்.

இல்லை, அவள் டைப் பண்ணும்போது ஒளிந்து பார்த்தேன் என்றேன்.

எழுதிக்கொண்டார். நாளைக் காலை அவளிடமும் இதையே கேட்பேன், கேட்டாக வேண்டும் என்றார். லேப்டாப் உடனே அக்காவின் அக்கவுண்டிலிருந்து என்னை வெளியே தள்ளிவிட்டது. பாஸ்வேர்ட் இனி ஏற்காது.

சாயங்காலம் அம்மா வார்டிலிருந்து வந்தார். "காச்சல் எறங்கிருச்சு. கஞ்சி குடிச்சா. போனுல சார்ஜு இல்ல, நாளைக்கு நர்ஸுக்கிட்ட குடுத்துப் போட்டுக்கறாளாம்."

அக்காவுக்குப் பொய் வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே சொல்வாள், நான்தான் கொடுத்தேன், அவள்மேல் தப்பில்லை என்று.

அழைத்தேன். போகவில்லை. மறுபடி. மெசேஜ் போட்டிருக்கிறேன்: நீ குடுக்கல, நானே பாத்துக்கிட்டேன், அஸ்மான் கேட்டா அப்படியே சொல்லு கா.

அவள் போன் உயிர் பெற்றதும் எது முதலில் வரும்? இதுவா, அவர் அழைப்பா?

என் மெசேஜுக்கு இன்னும் ஒரே ஒரு டிக்.