சின்னத்துரையின் ஜீப்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் போன கிழமை ஒரு சிறிய அலைச்சல், பயப்பட ஒன்றுமில்லை. கொழுந்து பறிக்கும் உதயராணி தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். நிமோனியா. மூச்சிழுக்கையில் பிள்ளையின் நெஞ்சு உள்ளே குழிந்தது.

"கடையில ரெண்டு குளிசை குடுத்தாங்க. காய்ச்சல் விட்டா போதும்னாங்க, டொக்டர்," என்றாள். அந்தக் கடைக்காரனை என்ன சொல்ல?

முதல் ஊசியைப் போட்டுவிட்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சின்னத்துரையிடம் ஜீப் கேட்டேன். தோட்டத்து உதவி மனேச்சரை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"சீட்டெல்லாம் அழுக்காயிடும். இதுங்களுக்குக் காய்ச்சல் வராத நாளா?" என்றான்.

தன் நாயை அதே ஜீப்பில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறவன். அவனோடு வாதாடுவதும் இழுக்கென்று, லீக்ஸ் ஏற்றிய லொறியை மறித்து ஏறினோம். பிள்ளை தப்பிவிட்டாள்.

நேற்று அந்தப் பெரிய மனிதன் மூக்கொழுகத் தடிமனோடு வந்து, "நல்ல அன்டிபயோட்டிக் ஒண்ணு தாங்க," என்றான்.

"தடிமனுக்கு அது கேட்காது. உங்களுக்கு வீணாக்க என்னிடம் மருந்தும் இல்லை," என்று அனுப்பிவிட்டேன்.

அம்மா, அரிசி அளக்கச் சின்னச் சுண்டு ஒன்று அனுப்புங்கள். இருக்கிற சுண்டால் ஒருத்திக்கு அளவாகச் சமைக்க வருகுதில்லை.

தபாற்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
சிவரூபி