முதலில் யார் வீட்டுக்கு?

ஒரு நாளும் முகம் பார்க்காமலே என்னைப் பேர் சொல்லி அழைத்த அன்பு மாமிக்கு,

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்து வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம். ஆனால் அங்கே இதை வாங்கிப் பிரிக்க நீங்கள் இல்லை. அதனால் தபாலில் போடாமல், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன். செய்ததை மூடி மூடி வைத்து எனக்கு அலுத்துவிட்டது.

எட்டு மாதமாக நாலு தேசத்துப் பயணத்துக்குத் தயாரானவள் நான். இன்னும் ஈப்போவை விட்டு ஓர் அடி நகரவில்லை. நடந்தே வந்திருந்தால்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

எங்கே தொடங்கியது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பார்த்து வைத்த பெண்ணைக் கட்டாமல், ரயில்வேயில் கிராணி என்ற குமாஸ்தா வேலைக்கு வந்த இடத்தில், லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கிராணி மகளான என்னை உங்கள் மகன் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன தை மாதம்தான் ஒரு கடிதம் வந்தது. ‘ரெண்டு பேரும் ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போங்கோ’ என்று எழுதியிருந்தீர்கள். அதை அவர் நாலு தடவை படித்தார். ஐந்தாம் தடவை என்னிடம் கொடுத்தார்.

மறுநாளே ஆபீசிலிருந்து ஒரு பழைய அச்சடித்த பாரத் தாள் கொண்டுவந்து அதன் முதுகில் கடல் வரைந்து, போகும் வழிக்கு அம்பு போட்டார். பெனாங்கில் கப்பல் ஏறி ரங்கூன், ரங்கூனிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து ரயிலில் சென்னைப் பட்டணம், தஞ்சாவூர், பிறகு தனுஷ்கோடி, தலைமன்னார், யாழ்ப்பாணம், திரும்பும்போது கொழும்பு. ஆறு வருஷ வேலைக்கு மூன்று மாத லீவு. விட்டால் இன்னும் ஆறு வருஷம் காத்திருக்கவேண்டும். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து போன தூரமெல்லாம் தாப்பாவில் ஒரு கல்யாண வீடு, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அன்றைக்கு இரண்டு பேரும் சோற்றை ஆறவிட்டோம்.

ஆசை அப்படி இருந்தது. பிறகு வேலை தொடங்கியது. ரங்கூனை முதல் மாதமே வெட்டினோம். கல்கத்தாவை மாசியில் வெட்டினோம். மழைக் காலமா, எந்தக் கப்பலில் வாந்தி குறைவு, அம்மைப்பால் குத்திக்கொண்ட கை எப்போது வீங்கும், மண்டபம் முகாமில் நோய் பார்க்க எத்தனை நாள் நிறுத்தி வைப்பார்கள் என்று ஆளுக்கொரு யோசனை. போகாதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். பெனாங்கையே பார்க்காத ஒருவர் கொழும்பில் எந்தத் தெருவில் தங்கலாம் என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கினார்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை, மாமி. எங்கள் சண்டை வேறு. எந்த ஊருக்குப் போவது என்பதில் சண்டையே இல்லை. முதலில் யார் வீட்டுக்கு என்பதில்தான்.

திருவாரூரில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், செல்லம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கட்டிக்கொடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். ஒன்பது வருஷமாகப் பார்க்கவில்லை. பெற்ற இரண்டும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது, ஐப்பசியில் நாள். ‘எனக்கென்று ஒரு ஆள் பக்கத்தில் இல்லை, நீயாவது வா’ என்று எழுதியிருந்தாள். எங்கள் அம்மா இல்லை, தெரியுமல்லவா? கப்பல் நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் திருவாரூர் எட்டிவிடும் தூரம். முதலில் அங்கே போய் அவள் பிள்ளை பெறும்வரை இருந்துவிட்டு, பிறகு உங்களிடம் வரலாம் என்றேன். உங்கள் மகன் நேரே கொழும்புக் கப்பல் ஏறி முதலில் அம்மா, பிறகு அக்கா என்றார்.

அம்மாவுக்கு வயது போய்விட்டது என்றார். அதற்கு நான் சொன்னதை உங்களிடமே சொல்லிவிடுகிறேன். வயசு ஒரு மாசம் காத்திருக்கும், வயித்துப் பிள்ளை காத்திருக்காது என்றேன். சொன்னபோது நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. இப்போது கிணற்றடியில் நிற்கும்போதும் உலை வைக்கும்போதும் அந்த வார்த்தைதான் காதில் கேட்கிறது.

டிரங்குப்பெட்டியில் அக்காவுக்கு வாங்கியவற்றை மேலே அடுக்கி, உங்களுக்கு வாங்கிய வெள்ளைச் சேலையை அடியில் வைப்பேன். நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வருவதற்குள் சேலை மேலே வந்திருக்கும். யார் எடுத்தது என்று நான் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். ஆனி முழுக்க அந்தப் பெட்டி இப்படியே தலைகீழாகிக்கொண்டிருந்தது.

ஆவணி பிறந்து லீவும் தொடங்கிவிட்டது. சீட்டு மட்டும் எடுத்தபாடில்லை. அந்த வாரம் பெனாங்கிலிருந்து இரண்டு கப்பல், ஒன்று நாகப்பட்டினத்துக்கு, மற்றது கொழும்புக்கு. இரண்டும் புறப்படுகிற நாள் நல்ல நாள் இல்லை. இப்படி வந்தால் எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நேரத்தில் நம் துணிமணியில் கொஞ்சம் மூட்டை கட்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு கப்பல் நாளில் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அப்படியே போகவேண்டும். இடையில் அதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. கொண்டுவந்தால் அந்தப் பயணம் முறிந்தது.

நான் என் சேலை ஒன்றையும் அக்காவுக்குத் தைத்த குழந்தைச் சட்டைகளையும் கட்டி, எதிர்வீட்டு முனியம்மா அக்காவிடம் வைத்தேன். உங்கள் மகனிடம் சொல்லவில்லை. வைத்தால் பிறகு மறுக்கமாட்டார் என்று நினைத்தேன். அதே நல்ல நேரத்தில் அவரும் தன் வேட்டியையும் உங்கள் கடிதத்தையும் கட்டி, பின்தெருவில், அவர் ஆபீசு யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் வீட்டில் வைத்திருக்கிறார். அவருக்கு இந்த வழக்கமெல்லாம் பழக்கமில்லை. என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் நாள் நான் முனியம்மா அக்காவின் வீட்டில் இருந்தபோது கிளாக்கர் வீட்டு அக்கா அங்கே வந்து, மூலையில் இருந்த மூட்டை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றதும், உம்மடை மனுசன்ரை மூட்டை எங்கடை வீட்டிலையெல்லோ கிடக்குது என்றார். முனியம்மா அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்னா தங்கச்சி இது, ஒரு பயணத்துக்கு ரெண்டு மூட்டையா? ஆளுக்கொரு கப்பல்ல போறீங்களா லா?”

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் ஏன் வைத்தீர்கள் என்றேன். நீர் மட்டும் சொல்லிப்போட்டா வைச்சனீர் என்றார். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. விறுவிறு என்று தெருவைத் தாண்டிப்போய் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்த் தன் மூட்டையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

முனியம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நல்ல நாள் இரண்டு வாரம் தள்ளி. இரண்டு கப்பலும் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போயின. லீவு நாளில் வேலைக்கும் போகாமல் பயணமும் போகாமல் உங்கள் மகன் பனியனோடு வாசலில் உட்கார்ந்து ரயில் நேரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தந்தி வந்தது அப்போதுதான்.

அவர் பனியனைக்கூடக் கழற்றாமல் கிணற்றடியில் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரே மகன் இருந்தும் உங்களுக்குக் கொள்ளி வைத்தது மருமகப்பிள்ளை ஒருவன் என்று தந்தியிலேயே இருந்தது. அந்தக் கொழும்புக் கப்பலில் ஏறியிருந்தால் நாலைந்து நாளாவது உங்களோடு இருந்திருப்போம். எனக்கே இந்தக் கணக்கு தெரிகிறது, கப்பல் நேரமெல்லாம் தலைகீழாகச் சொல்கிறவருக்குத் தெரியாதா? முதலில் மூட்டையைத் தூக்கியவள் நான்தான் என்று ஒரு தடவை திட்டியிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது போகலாமே என்றேன். மகன் செய்யவேண்டிய கடைசிக் காரியம் அது என்று அவர்தான் எனக்கு முன்பு சொல்லியிருக்கிறார். கொள்ளி வைத்தவனே அதையும் செய்யட்டும் என்றார். லீவை ரத்துச் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பப்போவதாகச் சொன்னார். கடல் வரைந்த காகிதத்தைக் காணவில்லை. எனக்கும் வற்புறுத்தத் தெம்பில்லை. அக்காவுக்கு என்ன எழுதுவது என்றும் தெரியாமல் பத்து நாள் கிடந்தோம்.

பத்தாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

இதுதான் நான் மூடி வைத்தது. ஆடியில் அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன் அல்லவா? அக்காவின் நிலைமையைச் சொல்லி, முதலில் அங்கே போக உங்கள் மகனுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தேன். மருமகள் என்று கையெழுத்துப் போடத் தைரியம் வரவில்லை. வெறும் பாக்கியம் என்று போட்டேன். போட்ட பிறகு பதில் வரக்கூடாதே என்றும் பயந்தேன்.

பதிலைக் கையில் வாங்கியபோது நீங்கள் போய்ப் பதினோரு நாள். பள்ளிக்கூடம் போகிற பெண் யாரையோ வைத்து எழுதியிருந்தீர்கள், எழுத்து குண்டு குண்டாக இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன்.

‘மருமகள் பாக்கியத்துக்கு, வயித்துப் பிள்ளைக்காரியைத் தனிய விடக்கூடாது. முதல் அங்கை போங்கோ. தம்பி கோவிச்சால் அம்மா சொன்னவ எண்டு இதைக் காட்டு. நான் எங்கை போகப்போறன்? ஆறுதலாய் வாங்கோ.’

அவ்வளவுதான். அடுப்பில் பருப்பு தீய்ந்து அடி பிடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

உங்கள் சொல்படி அக்காவிடம் போயிருந்தாலும் உங்களைப் பார்த்திருக்கமாட்டோம் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. இது எனக்கு ஆறுதலா, மாமி? இத்தனை நாளாக யாரிடமிருந்து என் பங்கைப் பறித்துக்கொள்ளப் பார்த்தேன்? கேட்டிருந்தால் நீங்களே கொடுத்திருப்பீர்கள். கேட்டேன், கொடுத்தும் விட்டீர்கள். அது வந்து சேர்வதற்குள் நான் சண்டை போட்டு முடித்திருந்தேன்.

ஒளித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. பிறகு வாசலுக்குப் போய் அவர் மடியில் வைத்தேன். உங்களுக்குத் தெரியாமல் எழுதினேன், அதற்கு வந்த பதில் என்றேன். அவர் படித்தார். தந்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அந்தக் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அம்மா சொல்லிப்போட்டா. முதல் உம்மடை அக்காவிட்டைப் போவம்.”

எட்டு மாதம் நான் கேட்டது கைக்கு வந்துவிட்டது. வாங்க என்னால் முடியவில்லை.

“வேணாங்க. மொதல்ல மாமி வீட்டுக்குத்தான். முப்பத்தோராம் நாள் நீங்க அங்க இருக்கணும்.”

“அம்மான்ரை கடைசிச் சொல்லை மீறச் சொல்லுறீரோ?”

“மாமி எனக்குத்தானே எழுதுனாங்க. நானே மீறுறேன். அங்க வந்து நானே சொல்லிக்கிறேன்.”

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கொழும்புக்கு இரண்டு சீட்டு எடுத்துவந்தார். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் நேரம் பார்க்கக்கூடாது, மூட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முனியம்மா அக்கா சொல்லிவிட்டார். அவரும் எங்களோடு பெட்டி அடுக்கினார். உங்கள் சேலை மேலே இருக்கிறது. இனி அதை யாரும் மாற்றி வைக்கமாட்டோம். படையலில் வைக்கலாமா, அங்கே அது வழக்கமா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பேன்?

அக்காவுக்கும் எழுதிவிட்டேன். அந்தியேட்டி முடிந்த மறுநாளே தலைமன்னாரில் கப்பல் ஏறுவோம். புரட்டாசி முடிவதற்குள் திருவாரூர் போய்விடலாம் என்று உங்கள் மகன் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தப் பழைய பாரம் எங்கிருந்தோ திரும்பி வந்திருக்கிறது. அதே கடல்தான், அம்பை மட்டும் அழித்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

எனக்கு இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறது. கப்பலில் தூங்கிக்கொள்வேன்.

மாமி, உங்கள் பேச்சைக் கேட்காமல் உங்கள் வாசலில் வந்து நிற்கப்போகிறேன். சொந்தக்காரர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்களோ தெரியாது. யார் என்று கேட்டால், நீங்கள் எழுதிய காகிதத்தின் முதல் வரியைக் காட்டுவேன். மகன் காரியம் முடித்து எழுந்ததும் உங்கள் மற்றச் சொல்லைக் காப்பாற்றப் போய்விடுவேன். வயித்துப் பிள்ளைக்காரியைத் தனியே விடமாட்டேன். பிறக்கப்போவதைக் கையில் வாங்கியதும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.

போன கடிதத்தில் போடத் துணியாத கையெழுத்தை இதில் போடுகிறேன்.

உங்கள் மருமகள்,
பாக்கியம்