செவலைக்குக் காவல்

மார்ச் 4
பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கையால் இன்று இரண்டு மாடுகளுக்கு மூக்கணாங்கயிறு மாற்றினேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பேசும் மைத்துனன்கூட முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். என் மனைவிதான், "கயிறு மாட்டுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள்.

மார்ச் 9
ஓடைக்கரையில் கருப்புக் கிடாரிக் கன்றைச் சிறுத்தை அடித்துவிட்டது. பாதிதான் தின்றிருந்தது. இவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, சந்தையிலிருந்து வருவதற்குள் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். வந்ததும் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
"மிச்சத்தைத் தின்ன வரும்ங்க. அது இல்லேன்னா வேற ஒண்ணை அடிக்கும்."

மார்ச் 10
செவலையை அடித்துவிட்டது. பட்டிக்குள்ளேயே புகுந்து — ஐயோ, என்ன வேலை செய்துவிட்டேன்.

மார்ச் 11
தாய் செத்த கன்றாக வந்த செவலையை இவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அடுத்த மாதம் ஈன வேண்டியது. வேலியோரம் கிடந்தது.
மைத்துனன் விஷ டப்பாவோடு வந்தான். செத்த மாட்டில் தடவினால் தொல்லை ஒழியும் என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. கோபம், பாதி என் மேல்.
இவள் குடையை விரித்துக்கொண்டு செவலையின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். விஷத்தை நரியும் தின்னும், நம் நாயும் தின்னும், இந்தச் சிறுத்தை போனால் இன்னொன்று வரும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். அவன் கேட்காமல் கிட்டே போனான்.
"என் மாடுடா. யாருக்குப் போடணும்னு நான்தான் சொல்லுவேன்."
அழுதுகொண்டே சொன்னாள். குரல் மட்டும் ஆடவில்லை. அவன் போய்விட்டான். இவள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு செவலையின் நெற்றியைத் தடவிவிட்டு, மந்தையை மேட்டுக்கு ஓட்டினாள். வளர்த்த மாட்டை, அடித்த சிறுத்தைக்கே விட்டுவிட்டு வர எப்படித்தான் மனம் வந்ததோ! எனக்கு வந்திருக்காது.

மார்ச் 15
மேட்டில் புதுப் பட்டி. இரண்டாள் உயரத்துக்கு முள்வேலி. என் கையெல்லாம் முள். செவலை கிடக்கும் இடத்தில் சிறுத்தையின் கால்தடம் போவதும் வருவதுமாக இருக்கிறது. மந்தைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீ கெட்டிக்காரி என்றேன். இப்போதுதான் தெரிந்ததா என்றாள். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2
ஒரு கன்றும் குறையவில்லை.

ஏப்ரல் 19
மத்தியானம் மைத்துனன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். அவனுடைய கறவை மாட்டைச் சிறுத்தை அடித்துவிட்டதாம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.
"அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க மாமா. மாட்டைத் தொடல. அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்."
இவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முள் வெட்டும் அரிவாள்களை எடுத்து, அவன் கையில் ஒன்றும் என் கையில் ஒன்றும் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தாள்.