சைக்கிள் பாதையும் அப்பா சொன்ன வரியும்

ஜூலை 8, செவ்வாய்

கோவில்பத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை போட்டிருந்த பச்சை சைக்கிள் பாதையை இன்று கறுப்புப் பெயிண்ட் அடித்து அழித்துவிட்டார்கள். நகராட்சி போட்ட பாதை. அனுமதி வாங்காமல் போட்டது என்று புதுச்சேரி அரசு அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்ததாம்.

அவர்களுக்குத் தெரிந்ததே என் கடிதத்தால்தான். பாதை நன்றாக இருக்கிறது, மற்ற ஊர்களிலும் போடுங்கள் என்று போன மாதம் அங்கே எழுதினேன். நகராட்சியில் கிளார்க்காக இருக்கும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "யாரையும் கேக்காம நாங்களே போட்டுக்கிட்டோம்னு ஒரு வரி சேத்து எழுது. அவங்களுக்கு உறைக்கட்டும்" என்று சிரித்தார். நானும் சேர்த்தேன்.

சாயங்காலம் என்னோடு படிக்கும் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தார். பாதை இருந்ததால்தான் அவளை என்னோடு சைக்கிளில் அனுப்பினார்.

"இனிமே லாரிக்கு நடுவுல என் புள்ளைய விட மாட்டேன். ஏன் சார், நீங்க ஆபீஸ்லதானே இருக்கீங்க, ஒண்ணும் பண்ண முடியாதா?"

"என்னத்தப் பண்றது? எல்லாம் நம்ம மேதாவி எழுதின லெட்டரால வந்த வினை. சின்னப்புள்ள, தெரியாம எழுதிட்டா."

அந்த வரியைத் தானே சேர்க்கச் சொன்னதாகச் சொல்வார் என அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் டீ கொண்டுவரச் சொன்னார். ஜெசிந்தா என்னிடம் பேசாமலே போய்விட்டாள்.

நாளை அவளிடம் உண்மையைச் சொல்லலாம். ஆனால் அது ஆபீஸுக்குத் தெரிந்தால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று யோசனையாக இருக்கிறது. அவர் என்னைப் பற்றி அப்படி யோசிக்கவில்லை.