கரி எரிக்கப் போன ஞாயிறுகள்

அப்பா,

இன்று காலை காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றபோது, காருக்குள் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு குழாய், அதற்குள் புள்ளி புள்ளியாய்க் கரி, அதே படம்தான். புது வடிகட்டி போட்ட நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். கண்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கார் வாங்கிய மூன்றாம் மாதமே இந்த விளக்கு வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. என் ஓட்டமே அவ்வளவுதான். சர்வீஸ் சென்டருக்கு நாம் இரண்டு பேருமாகப் போனோம். அங்கே இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்.

"இந்தக் காலத்து டீசல் வண்டி கரியை வெளிய விடாது மேடம். புகைக்குழாய்ல வடிகட்டி இருக்கு, அது பிடிச்சு வச்சுக்கும். நல்லா சூடானாத்தான் அந்தக் கரி எரியும். டவுனுக்குள்ளயே ஓட்டினா அடைச்சுக்கும். வாரத்துல ஒரு நாள் ஹைவேல அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க."

எனக்கு எரிச்சல். நாயைப் போல இதையும் வாக்கிங் கூட்டிப் போக வேண்டுமா என்று கேட்டேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அம்மா போன பிறகு அப்படி நீங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரயில்வே டீசல் ஷெட்டில் முப்பது வருஷம் கரியில் நின்றவர் நீங்கள். உங்கள் கைக்குட்டைகளை அம்மா தனியாகத்தான் துவைப்பாள். அதனால்தானோ என்னவோ அந்த வடிகட்டி மேல் உங்களுக்கு அப்படி ஒரு மதிப்பு. "கரியைத் தானே முழுங்கிக்குற வண்டி. அதுக்கு அரை மணி நேரம் கொடுக்க மாட்டியாம்மா?" என்றீர்கள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, சமயபுரம் தாண்டி, சென்னை ரோட்டில் போவோம். "நாலாவது கியர்லயே வை. அறுபதுக்குக் கீழ விடாத. லாரியோட போட்டி போடாத." விளக்கு அணைகிறவரை உத்தரவுக்குக் குறைவே இருக்காது. வீடு திரும்பியதும் கைக்குட்டையைப் புகைக்குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, அந்த வெள்ளைத் துணியை என் முகத்துக்கு நேரே ஆட்டுவீர்கள். "எம் பொண்ணு வண்டி. பாத்துக்க!"

வீட்டில் உங்களுக்கு நாலு வார்த்தை போதும். சாப்பிட்டியா, கேட்டைப் பூட்டு. காரில் மட்டும் பேசினீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார்த்தால் போதும் என்பதாலா? அம்மாவைப் பற்றி நீங்கள் பேசியதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்.

பிறகு ஆபீஸில் வேலை கூடியது, ஞாயிறும் போயிற்று. எடமலைப்பட்டி புதூரில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது என்று கூட வேலை செய்கிற ஒருத்தி சொன்னாள். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. வடிகட்டியின் உள்ளே இருப்பதை மொத்தமாகக் குடைந்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரிலும் எதையோ மாற்றி, "இனிமே லைட்டே வராது மேடம்" என்றார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. "கோளாறு சரியாயிடுச்சுப்பா, இனிமே போக வேண்டாம்" என்று பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னைக்கு விளக்கு வரலியாம்மா?"

"வரலப்பா."

"நல்லது."

அதற்கு அடுத்த ஞாயிறும் கேட்டீர்கள். மூன்றாவது வாரம் பனியனோடு டி.வி. முன்னால் இருந்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தெருமுனைப் பூக்கார அக்கா என் காரைக் கண்டாலே புகைக்குப் பயந்து கூடையைத் துணியால் மூட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் நான் கீழே வந்தபோது காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தீர்கள். கையிலிருந்த கைக்குட்டை கன்னங்கரேலென்று இருந்தது. என்னைக் கண்டதும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டீர்கள். திட்டுவீர்கள் என்று நின்றேன். "உனக்கும் வேலை இருக்குல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறிப் போனீர்கள். திட்டியிருக்கலாம் அப்பா.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், அந்த டி.வி. முன்னாலேயே போய்விட்டீர்கள். நான் ஆபீஸில் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு முதல் வேலையாகப் புது வடிகட்டி போட்டேன். சர்வீஸ் சென்டர்காரர் நல்ல மனிதர். "நீங்க அலைய வேண்டாம் மேடம், விளக்கு வந்தா இங்க விடுங்க, நாங்களே கரியை எரிச்சுத் தந்துடறோம்" என்றார். "இல்லங்க, நானே ஓட்டிக்கிறேன்" என்றேன்.

இன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் வண்டியைத் திருப்பினேன். டோல்கேட்டில் மண்ணச்சநல்லூர் ரோடு பிரிகிற இடம் வந்ததும் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. நாம் கடைசியாகப் போன ஞாயிறு அங்கேதான் ஆரம்பித்தீர்கள். கல்யாணமான ஆறாம் மாதம் அம்மா உங்களிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளாம். கூட்டிவர நீங்கள் மண்ணச்சநல்லூர் வரை சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறீர்கள். "வாசல்லயே நின்னா. உள்ள வாங்கன்னு கூடச் சொல்லல. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா..." அப்போது விளக்கு அணைந்துவிட்டது. "சரி, வண்டியைத் திருப்பு. மிச்சம் அடுத்த வாரம்" என்று சிரித்தீர்கள்.

அடுத்த வாரத்தை நான்தான் குடைந்து எடுத்துப் போட்டுவிட்டேனே. ஒரு தடவை சாப்பிடும்போது கேட்டேன், அம்மா அன்றைக்கு என்னதான் கேட்டாள் என்று. "அது வண்டியில சொல்ற கதைம்மா" என்றீர்கள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு போனைப் பார்த்தேன். கூட்டிப் போ என்று கேட்டிருக்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை.

பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அம்மா கோபித்துக்கொண்டு வந்ததே அவளுக்குத் தெரியாதாம். அன்று வாசலில் நடந்தது உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. என்னிடம் இருப்பது பாதிக் கதை. அதில் உங்களுக்கு இருபத்தாறு வயசு. வேர்த்து விறுவிறுத்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறீர்கள்.