ஞாயிற்றுக்கிழமை நின்ற லிஃப்ட்

என் கண்ணு,

நீ போனை எடுக்க மாட்டேங்கிற, அதான் எழுதுறேன். நேத்து ஞாயித்துக்கிழமை. ஆராதனைக்குப் போகாம உங்க குடியிருப்பு லிஃப்டைச் சரிசெய்யப் போனேன். நீ மாமியார் வீட்டுக்குப் போயிட்டதா வாட்ச்மேன் சொன்னாரு. அரை மணி நேர வேலைதாம்மா.

முப்பது வருஷ லிஃப்ட் மெக்கானிக், ஒரு ஞாயித்துக்கிழமைகூட ஸ்பேனரைத் தொட்டதில்லைன்னு சபையில மார்தட்டினவன் நான்.

லிஃப்ட் நின்ன அந்த ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்போ சாப்பிட்டு அப்பத்தான் படுத்திருந்தேன். "லிஃப்ட் நின்னுடுச்சுப்பா. இவரே கதவைத் திறக்கிறேன்னு நிக்கிறாரு, நீங்க வாங்க"ன்ன. "ஓய்வுநாளும்மா, நாளைக்கு முதல் வேலையா வரேன்"னேன். "குழியில ஆடு விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கணும்னு சண்டே ஸ்கூல்ல நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"ன்னு கேட்ட.

நான் சிரிச்சேன். "இப்ப ஆடா விழுந்திருக்கு?"ன்னேன்.

நேத்து இறங்கிப் பாத்தப்போ மாப்பிள்ளையோட ஒரு கால் செருப்பு லிஃப்ட் குழிக்குள்ளயே கிடந்துச்சு. அடக்கம் முடிஞ்சு இத்தனை நாளாகியும் யாரும் அதை எடுக்கலை போல. கிரீஸைத் துடைச்சு எடுத்து வச்சிருக்கேன்.

எந்தக் கிழமை கொண்டு வரட்டும்னு மட்டும் சொல்லு. ஞாயித்துக்கிழமைன்னாலும் வரேன்.

அப்பா