இரண்டாம் அலமாரியில் ஒரு வால்வு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது; வால்வுதான் வரவில்லை. நடுவானில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் எங்கள் கிழவி, அது இல்லாமல் ஒரு மாதமாகத் தரையிலேயே குந்தியிருக்கிறாள். அவளோடு பறக்கும் மெக்கானிக் என்று எனக்குப் பெயர். தினமும் அவளைத் துடைப்பதுதான் என் வேலை. “உங்க அக்கா உதிரிபாகக் கிடங்குலதானே இருக்காங்க? தம்பிக்கு ஒரு வால்வு அனுப்பக்கூடாதா?” என்று கூட வேலை செய்யும் நெட்டையன் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிறான். என் பெயரைக் காப்பாற்று.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

சட்டையின் கை நீளம் சரியாக இருக்கிறதா? அதை எழுதவே இல்லையே. வால்வுக்கு நான் என்னடா செய்வேன், தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை. வந்தால் என் கையால் சோதித்து, தேதி போட்ட சீட்டைக் கட்டி, முதல் வண்டியில் ஏற்றிவிடுவேன். அதுவரை தரையில் இருந்தால் என்ன குறைந்துவிட்டது? வேளைக்குச் சாப்பிடு. நெட்டையனின் வாய்க்கும் ஒரு வால்வு அனுப்புகிறேன் என்று சொல்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இனி உன்னை நச்சரிக்க மாட்டேன். பக்கத்தில் பறக்காமல் நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி மாட்டச் சொல்லிவிட்டார்கள். பழைய வால்வுதான். மூன்று முறை சோதித்து, நானே மாட்டிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த வாரம் பறக்கிறோம். லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது. அதற்காகக் கிழவியைத் தனியே விடுவேனா?

உன் தம்பி

ஏப்ரல் 2

அக்கா,

செய்தி கேட்டிருப்பாய். காய்ச்சல் குறையாததால் மருத்துவர் என்னைப் போக விடவில்லை. என் இடத்தில் நெட்டையன் ஏறினான். “படுத்துத் தூங்குடா, உன் கிழவிய நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஐந்து பேரும் போய்விட்டார்கள், அக்கா. வால்வு மூடாமல் எரிபொருள் கசிந்து தீப்பிடித்ததாம். காய்ச்சலில் என் கை தடுமாறியதோ? அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? சோறு இறங்கவில்லை. நீயாவது ஏதாவது சொல்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

நான்கு தாள் கிழித்துவிட்டேன். உன் கை தடுமாறவில்லையடா. புது வால்வு பிப்ரவரி கடைசியிலேயே வந்துவிட்டது. சோதித்தேன், சீட்டும் கட்டினேன். பிறகு, இரண்டாம் அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். எரிபொருளைச் சுமக்கும் அந்தக் கிழவியில் நீ ஏறுவதே எனக்குப் பயம். வால்வு இல்லாவிட்டால் விமானம் பறக்காது, நீயும் பறக்க மாட்டாய். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. இன்னொன்றிலிருந்து கழற்றுவார்கள் என்று, பத்தொன்பது வருடம் கிடங்கில் இருந்த எனக்குத் தோன்றவில்லையே! பழையதை மாட்டியதாக நீ எழுதிய கடிதம் கிடைத்ததும், ஒளித்த வால்வை அனுப்ப எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேலதிகாரியிடம் அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வால்வு உங்கள் தளத்துக்கு வருகிறது. சீட்டில் தேதி இருக்கும், எல்லோரிடமும் காட்டு. நீ அந்த விமானத்தில் ஏறவில்லை என்று தெரிந்தபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதையும் மறைக்க மாட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 21

உதிரிபாகக் கிடங்கு, சோதனைப் பிரிவுக்கு,

வால்வு ஒன்று பெறப்பட்டது. சேதம் இல்லை. சீட்டில் உள்ள தேதி பிப்ரவரி 26.

இத்துடன் கம்பளிச் சட்டை ஒன்று திருப்பி அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
மெக்கானிக்